அடியைப் பார்த்து வாங்குங்கள்

1935 அக்டோபரில் முசோலினியின் படைகள் எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தன. அடுத்த மாதமே சர்வதேச சங்கம் இத்தாலி மீது பொருளாதாரத் தடை விதித்தது. அந்தத் தடைக்காலத்தில் பிறந்த ஒரு பொருள் இன்று ரங்கநாதன் தெருக் கடைகளிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. வெட்ஜ் ஹீல்! முன்பாதத்திலிருந்து குதிகால் வரை இடைவெளியே விடாமல் சாய்வாக உயரும் அந்த அடிப்பாகத்தை உலகத்துக்குத் தந்தது எஃகுத் தட்டுப்பாடு.

அதைச் செய்தவர் ஃப்ளாரன்ஸ் நகரத்துச் செருப்புக் கலைஞர் சால்வதோரே ஃபெரகாமோ. ஹீல் வைத்த ஷூக்களுக்குள், உள்ளங்கால் வளையும் இடத்தில், அவர் ஓர் எஃகுப் பட்டை வைப்பார். நிற்கும்போது உடம்பின் பாரம் அந்த வளைவில் இறங்குகிறது, அதைத் தாங்கினால்தான் விரல்கள் தப்பிக்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. தடைக்காலத்தில் நல்ல எஃகு வரவில்லை. கிடைத்த மட்டமான எஃகு நடக்கும்போதே ஒடிந்தது. பட்டையே வேண்டாத ஷூ ஒன்றை யோசித்தார். சார்டீனியாத் தீவில் விளையும் தக்கையைத் துண்டு துண்டாக ஒட்டி, அடிக்கும் குதிகாலுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை முழுக்க அடைத்து, ஓரங்களைச் செதுக்கினார். 1937ல் காப்புரிமை வாங்கினார். 1938ல் ஹாலிவுட் நடிகை ஜூடி கார்லண்டுக்காக அதே தக்கையை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு நிறத்தில் தோல் போர்த்திச் செய்த சாண்டல்தான் பின்னாளில் ‘ரெயின்போ’ என்று புகழ்பெற்றது.

பழைய டிசைனர் ஷூக்களைத் தேடி வாங்கும் பழக்கம் இன்று பெரிய வணிகமாகிவிட்டது. பாரிஸ் விளிம்பில் செயின்ட்-ஊவான் பழைய பொருள் சந்தை, லண்டன் போர்ட்டபெல்லோ சாலை, அமெரிக்காவின் பாசடீனாவில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கூடும் ரோஸ் பௌல் சந்தை என்று இதற்கென்றே ஆட்கள் கிளம்பிப் போகிறார்கள். போக முடியாதவர்களுக்குக் கைபேசி இருக்கிறது. ஆனால், எங்கே வாங்கினாலும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். ஷூவின் உள்ளே எட்டிப் பார்த்துப் பெயரைப் படிப்பார்கள். பெயர் பிடித்தால் விலை பேசுவார்கள். இது தலைகீழான வரிசை என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஷூவின் உண்மையான மதிப்பு, ஃபெரகாமோவின் எஃகுப் பட்டையைப் போல, வெளியே தெரியாத இடங்களில்தான் இருக்கிறது. முதலில் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும், பிறகு ஓரத் தையலை, பிறகு உள்தோலை. பெயர் கடைசியில் வரட்டும்.

ஃபெரகாமோவின் வாழ்க்கையே இதற்கு நல்ல பாடம். நேப்பிள்ஸுக்கு உள்ளே தள்ளியிருக்கும் பொனிட்டோ என்ற ஏழைக் கிராமத்தில் 1898ல் பிறந்தவர். பதினான்கு பிள்ளைகளில் பதினொன்றாவது. செருப்புத் தொழிலைக் கீழாக நினைத்த பெற்றோர், மகன் அதில் இறங்குவதை விரும்பவில்லை. தங்கையின் தேவாலயச் சடங்குக்கு வெள்ளை ஷூ வாங்க வீட்டில் காசில்லாதபோது, ஒன்பது வயதுப் பையன் ஒரே இரவில் தானே செய்து கொடுத்தான். அதற்குப் பிறகு எதிர்ப்பு அடங்கிவிட்டது. பதின்ம வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர், பாஸ்டனில் இயந்திரம் ஷூ செய்வதைப் பார்த்தார். மனம் ஒப்பவில்லை. கலிஃபோர்னியாவுக்குப் போய், சினிமாக்காரர்களுக்குக் கையால் செய்து கொடுத்தார். அழகான ஷூ ஏன் காலைக் கடிக்க வேண்டும் என்ற கேள்வி அவரை விடவில்லை. பல்கலைக்கழக வகுப்பில் சேர்ந்து மனித உடற்கூறு படித்தார். பாரம் வளைவில் இறங்குகிறது என்ற அறிவு அங்கே கிடைத்ததுதான்.

1927ல் இத்தாலிக்குத் திரும்பி ஃப்ளாரன்ஸில் தொழில் தொடங்கினார். 1933ல் திவாலானார். மீண்டு எழுந்து, 1938ல் அர்னோ ஆற்றங்கரையின் ஸ்பினி ஃபெரோனி மாளிகையையே வாங்கினார். அவருடைய நிறுவனமும் 1995ல் திறந்த அருங்காட்சியகமும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. போர்க்காலத்தில் தோலும் கிடைக்காதபோது ராஃபியா பனையின் நாரில் பின்னினார். மிட்டாய் சுற்றி வரும் செல்லோஃபேன் தாளை நூலோடு சேர்த்து முறுக்கி மேல்பாகம் செய்தார். 1947ல் தூண்டில் நரம்பு போன்ற நைலான் இழைகளை மட்டும் பாதத்தின் மேல் ஓடவிட்டு அவர் செய்த ‘இன்விசிபிள்’ சாண்டல், அமெரிக்காவின் நீமன் மார்கஸ் விருதை வாங்கித் தந்தது. கூச்பிஹார் மகாராணி இந்திரா தேவி அவருடைய வாடிக்கையாளர். தன் நகைப்பெட்டியிலிருந்தே முத்துகளையும் வைரங்களையும் அனுப்பி, ஷூக்களில் பதிக்கச் சொன்னவர்.

இப்படிப்பட்ட பழைய ஃபெரகாமோ ஒன்று சந்தையில் கண்ணில் பட்டால், தக்கை அடியுள்ளதாக இருந்தால், கட்டை விரலால் ஓரத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள். தக்கை காய்ந்து போயிருந்தால் பொடி உதிரும். தோல் போர்த்திய அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும். அது கண்ணாடிப் பேழைக்குரிய பொருள், நடப்பதற்கு உரியதல்ல. நைலான் இழை மஞ்சளித்திருந்தால் அதுவும் அப்படியே. போட்டு நடக்கப் போகிறீர்களா, வைத்துப் பார்க்கப் போகிறீர்களா என்பதை வாங்குவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். இரண்டுக்கும் விலையும் வேறு, பார்க்க வேண்டிய இடங்களும் வேறு.

நடப்பதற்கு வாங்குகிறவர்களுக்குப் பெரிய எதிரி பாலியூரித்தேன் சோல். இதைப் பற்றி விற்பவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 1970களுக்குப் பிறகு வந்த ஏராளமான ஷூக்களில், விலை உயர்ந்தவற்றிலும்கூட, எடை குறைந்த இந்த நுரைப்பொருள் அடியாகவோ குதிகாலாகவோ உள்மெத்தையாகவோ இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதன் வேதிப் பிணைப்புகளை அறுக்கிறது. போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். பெட்டியைவிட்டு வெளியே எடுக்காமல் பத்து, பதினைந்து வருடம் வைத்திருந்த புத்தம் புது ஷூ, முதல்நாள் போட்டு நாலு தெரு நடப்பதற்குள் அடி பிளந்து பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். ‘ஒருமுறைகூடப் போடாதது’ என்ற விளம்பர வரிக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இந்தச் சிதைவு இன்னும் வேகமாக நடக்கும். நகத்தால் சோலை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ, அமுங்கிய தடம் திரும்பி எழாமையோ, மெல்லிய வெடிப்போ இருந்தால் அந்த ஷூவின் கதை முடிந்தது.

தோல் சோலுக்கு இந்தக் கவலை இல்லை. தேய்ந்தால் மாற்றலாம். ஆனால், எல்லாத் தோல் சோலையும் ஒரே மாதிரி மாற்ற முடியாது. ஆண்களின் நல்ல பழைய ஷூக்களில் மேல்தோலுக்கும் சோலுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு தோல் பட்டை ஓடும். அதுதான் வெல்ட். சோல் அந்தப் பட்டையோடு மட்டும் தைக்கப்பட்டிருப்பதால், மேல்பாகத்தைத் தொடாமல் சோலை மட்டும் பிரித்து வேறு தைக்கலாம். குட்இயர் பெயரில் 1870களில் பரவிய இயந்திரம் இந்தத் தையலைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1858ல், லைமன் பிளேக் கண்டுபிடித்த தையல் மேல்தோலையும் சோலையும் நேராக ஒன்றாகக் குத்திவிடும். ஷூ மெலிதாக, நளினமாக இருக்கும். மாற்றும்போது கூடுதல் கவனம் தேவை. சிகாகோவில் 1892ல் தொடங்கிய ஃப்ளோர்ஷைமின் ‘இம்பீரியல்’ வரிசை ஷூக்களை அமெரிக்காவில் அறுபது வருடப் பழசானாலும் தேடி வாங்கி, சோல் மாற்றி, அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் பெயருக்குப் பின்னால் இருக்கும் அந்த வெல்ட் தையல்தான்.

பெண்களின் மெல்லிய ஹீல் ஷூக்களில் பார்க்க வேண்டியது வேறு. 1950களின் தொடக்கம்வரை ஹீல் என்றால் பெரும்பாலும் மரம். மரத்தை ஓர் அளவுக்குமேல் ஒல்லியாக்கினால் ஒடிந்துவிடும். உள்ளே உலோகக் கம்பி நுழைத்த பிறகுதான் ஸ்டிலெட்டோ சாத்தியமானது. அதைப் பெருமளவில் புகழ்பெறச் செய்தவர்களில் முதன்மையானவர் ரோஜே விவியே. 1953 முதல் 1963 வரை கிறிஸ்டியன் டியோர் நிறுவனத்துக்கு ஷூ வடிவமைத்தவர். எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவுக்கு அணிந்த தங்க நிற ஷூவும் அவர் கைவண்ணம்தான். அந்தக் கால ஸ்டிலெட்டோ கிடைத்தால் சமமான மேஜையில் நிறுத்தி, மேலிருந்து ஒரு விரலால் தட்டுங்கள். ஆடினால் உள்ளே இருக்கும் பட்டையோ ஹீலைப் பிடித்திருக்கும் ஆணியோ தளர்ந்துவிட்டது. ஹீலின் மேல்விளிம்பில், தோல் முடியும் இடத்தில், மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பின்பட்டையின் இலாஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பதும் அவசியம். இது உயிரற்றுப் போவது சகஜம், மாற்றுவதும் எளிது. அதைச் சொல்லி விலை குறைக்கலாம்.

இதெல்லாம் தேறிய பிறகு பெயருக்கு வருவோம். பெயர் எழுதியிருக்கும் விதமே காலத்தைச் சொல்லும். டியோரின் ஷூக்களில் 1955 முதல் விவியேயின் பெயரும் சேர்த்துப் பொறிக்கப்பட்டது. டியோர் போன்ற ஒரு பெரிய நிறுவனம் தன் பெயருக்குப் பக்கத்தில் செருப்புக் கலைஞர் ஒருவரின் பெயருக்கு இடம் கொடுத்தது அந்தக் காலத்தில் சாதாரண மரியாதையில்லை. இரண்டு பெயரும் உள்ள ஜோடி என்றால் 1955க்கும் 1963க்கும் நடுவே வரும். விவியே தனியாகச் செயல்படத் தொடங்கியபின், 1965ல் பெரிய உலோகச் சதுர பக்கிள் வைத்துச் செய்த தாழ்ந்த ஹீல் ஷூவை, 1967ல் வெளிவந்த ‘பெல் து ஜூர்’ படத்தில் காத்ரீன் தெனவ் அணிந்தார். அதன் பிறகு அந்த பக்கிள் உலகம் முழுக்க நகலெடுக்கப்பட்டது. பக்கிளைப் பார்த்து மயங்கி வாங்கியவர்கள் ஏமாந்ததும் அதனால்தான். பொய்ப் பெயரைப் பொறிப்பது சுலபம். வளைவில் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டிய மேல்தோல், சீரான சிறு தையல், விரல் வைத்தால் தட்டாத உள்தையல் ஆகியவற்றைப் போலியாகச் செய்வது கடினம்.

அளவு விஷயத்தில்தான் அதிகமானவர்கள் பணத்தை இழக்கிறார்கள். இத்தாலிய ஷூ என்பதால் 37, 38 என்று இருக்கும் என நினைத்தால், பழைய ஃபெரகாமோவில் 7½ என்ற எண்ணும் பக்கத்தில் ஏஏ அல்லது பி என்ற எழுத்தும் இருக்கும். அமெரிக்க வாடிக்கையாளர்களைக் குறிவைத்த அளவுமுறை அது. எண் நீளத்தையும் எழுத்து அகலத்தையும் குறிக்கும். ஏ கூடக்கூட ஷூ ஒடுங்கும். சின்ன வயதிலிருந்து திறந்த செருப்புப் போட்டு வளர்ந்த, விரல்கள் விரிந்த நம் பாதத்துக்கு ஏஏ நுழையாது. பிரெஞ்சு முறையில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆங்கிலேய, அமெரிக்க முறைகளில் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இந்த எண்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக்கொண்டு மண்டையை உடைப்பதைவிட, உள்ளே இன்சோலின் நீளத்தையும் முன்பாதத்தின் அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து சொல்லும்படி விற்பவரைக் கேட்பது நல்லது. உங்களுக்குப் பொருந்தும் ஒரு ஷூவை அதேபோல் அளந்து ஒப்பிடுங்கள். அளந்து சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

இன்சோலில் முன்னவரின் விரல் தடம் ஆழமாகப் பதிந்திருந்தால், அழகில் மயங்காமல் விட்டுவிடுங்கள். தோல் ஒரு பாதத்துக்கு இணங்கிய பிறகு இன்னொரு பாதத்துக்கு அவ்வளவு சுலபத்தில் இணங்காது. குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால், அந்தச் சாய்வு உங்கள் முழங்காலுக்கு வரும்.

ஷூவுக்குள் இருக்கும் கைவேலை எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு உலகிலேயே விலை உயர்ந்த ஷூ ஒரு சாட்சி. ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் ஜூடி கார்லண்ட் அணிந்த சிவப்பு ஷூக்களில் நான்கு ஜோடி எஞ்சியிருக்கின்றன. அதில் ஒன்று 2005ல் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கும் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து திருடு போய், 2018ல் எஃப்.பி.ஐ. மீட்டது. 2024 டிசம்பர் ஏலத்தில் அது 2.8 கோடி டாலருக்குப் போனது. ஏலக் கட்டணத்தையும் சேர்த்தால் 3.25 கோடி. கதையின் சுவையான பகுதி விலையில் இல்லை. மீட்ட ஜோடியை அடையாளம் காண ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த ஜோடியும் இந்த ஜோடியும் இடம்மாறியவை என்று தெரியவந்தது. இதன் இடது அதன் வலதுக்குச் சேர வேண்டியது, அதன் இடது இதற்கு. பல ஆண்டுகள் லட்சக்கணக்கானவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததை, அரும்பொருள் பாதுகாப்பு நிபுணர்கள் ஷூவை நுணுகிப் பார்த்த பிறகே சொல்ல முடிந்தது.

தோலைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. 1930களிலிருந்து 1960கள் வரை ஐரோப்பாவின் உயர்தர ஷூக்களில் பாம்பு, உடும்பு, முதலைத் தோல்கள் தாராளமாகப் புழங்கின. அந்தப் பாம்புத் தோல்களில் ஒரு பங்கு சென்னையிலிருந்து போனது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் புற்றையும் வரப்பையும் மோப்பம் பிடித்துப் பாம்பைப் பிடிப்பார்கள். தோல் வியாபாரிகள் அடிமாட்டு விலை கொடுத்து வாங்குவார்கள். பதனிட்ட தோல் கடல் தாண்டிப் போய்ப் பாரிஸிலும் மிலானிலும் ஷூவாகவும் கைப்பையாகவும் மாறும். 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் இந்த வியாபாரத்தை நிறுத்தின. பாம்புகள் பிழைத்தன, இருளர்கள் பிழைப்பை இழந்தார்கள். 1978ல் அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து மருந்து தயாரிக்கக் கொடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டில் விடும் முறை வடநெம்மேலியில் அப்படித்தான் வேரூன்றியது. பழைய பாம்புத் தோல் ஷூ ஒன்று எந்த ஊர் வரப்பிலிருந்து போனது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால், அப்படி ஒன்றைக் காணும்போது எனக்கு வடிவமைப்பாளரின் பெயருக்கு முன்பு இருளர்களின் நினைவுதான் வருகிறது. இந்தப் பொருளின் வரலாற்றில் பெயரே பொறிக்கப்படாதவர்கள் அவர்கள்.

வாங்குகிறவர்களுக்கு இதில் சட்டச் சிக்கலும் உண்டு. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் தோலால் ஆன பொருளை, பழையதே ஆனாலும், நாடு விட்டு நாடு கொண்டுபோக சைட்டீஸ் ஒப்பந்தப்படி அனுமதிச் சீட்டு தேவைப்படும். சீட்டில்லாமல் வந்தால் சுங்கத்தில் பறிமுதல்தான். இது தவிர, பயன்படுத்திய பொருள்களை இந்தியாவுக்கு இறக்குமதி செய்வதற்கே கட்டுப்பாடுகள் இருக்கின்றன. வெளிநாட்டு விற்பனையாளரின் ‘எங்கும் அனுப்புவோம்’ என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் சுங்க விதிகளைப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் அங்கேயே வாங்கி அங்கேயே போட்டுக்கொள்வதில் இந்தத் தலைவலி இல்லை.

ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் இதைவிட மகிழ்ச்சியான கதை. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட சென்னைத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற வணிகப் பெயரில் 19ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் சந்தையில் நற்பெயர் வாங்கியிருந்தது. அங்கே அதை மெருகேற்றி ஷூவின் மேல்தோலாகவும் லைனிங்காகவும் பயன்படுத்தினார்கள். அந்தத் தொழிலின் தொடர்ச்சியாகத்தான் பெரியமேடு தோல் மண்டிகளும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. உலகின் பல பெரிய ஷூ நிறுவனங்களுக்கு இன்று அங்கே அப்பர் எனப்படும் மேல்பாகம் தைக்கிறார்கள், முழு ஷூவும் செய்கிறார்கள். தையல் இயந்திரங்களின் முன் இருப்பவர்களில் மிகுதியும் பெண்கள். பழைய ஷூவின் தையலை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஆம்பூரில் இந்தத் தொழில் செய்யும் ஒருவருடன் அரைமணி நேரம் பேசுவதைவிட நல்ல வகுப்பு கிடையாது. ‘லாஸ்ட்’ எனப்படும் காலச்சு சரியாக வந்திருக்கிறதா, அப்பரை இழுத்ததில் கோணல் இருக்கிறதா என்று கையில் வாங்கிய உடனே சொல்லிவிடுவார்கள்.

புதிதாக இந்த ஆசையில் இறங்குகிறவர்கள் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், ‘வாரா’ என்பேன். ஃபெரகாமோ 1960ல் இறந்தபின் மனைவி வாண்டா நிறுவனத்தை நடத்தினார். ஷூ வடிவமைப்பை மூத்த மகள் ஃபியாம்மா ஏற்றார். தந்தை வாங்கிய அதே நீமன் மார்கஸ் விருதைச் சரியாக இருபது ஆண்டுகள் கழித்து 1967ல் வாங்கினார். 1978ல் அவர் வடிவமைத்த வாரா, தாழ்ந்த ஹீலும் முன்பக்கம் ரிப்பன் முடிச்சும் அதன் நடுவே பெயர் பொறித்த பொன்னிறத் தகடும் கொண்டது. அன்றிலிருந்து இடைவிடாமல் தயாராவதால் பழைய ஜோடிகள் ஏராளம். அதனால் விலையும் எட்டும் தூரத்தில் இருக்கும், பல அகலங்களிலும் கிடைக்கும். சி, டி என்ற எழுத்துள்ள ஜோடியைத் தேடுங்கள், நம் பாதத்துக்கு அது சரிவரும். தோல் சோல்தானா என்று பாருங்கள். ரிப்பன் ஓரம் பிரிந்திருந்தால் கவலையில்லை. தகடு உரிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வாங்கி வந்ததும் ஒரு வாரம் காற்றோட்டமான நிழலில் வைத்து, ஈரத்துணியால் உள்ளே துடைத்து, தோலுக்குரிய கிரீமை மெலிதாகத் தடவி ஊறவிடுங்கள். பிறகு தெருமுனையில் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்துத் தோல் சோலின் முன்பாதியில் மெல்லிய ரப்பர் தகடு ஒட்டித் தரச் சொல்லுங்கள். அசல் சோல் தேயாது, மழைநாளில் வழுக்காது. ஹீல் முனையின் ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் ஆணி தரையில் உரசும் சத்தம் கேட்ட அன்றே அதையும் மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஹீலையே மாற்ற வேண்டி வரும்.